மேற்கே கறுக்கும் மாலை

ஆலங்காயத்தில் கோடை மழை காலையில் வருவது அரிது. சித்திரையில் தொடங்கி ஐப்பசி பிறக்கும் வரை அங்கே வானம் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் நடந்துகொள்கிறது. காலை வெளுப்பாக இருக்கும். உச்சிவேளையில் மலைமுகட்டுக்கு மேல் பஞ்சுப் பொதிகள் தலைகாட்டும். மூன்று மணிக்கு மேல் அவை ஒன்றோடொன்று சேர்ந்து கறுக்கும். திருப்பத்தூர் மாவட்டத்தில், வாணியம்பாடியிலிருந்து ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில், ஜவ்வாது மலையின் மேற்கு அடிவாரத்தில் இருக்கும் பேரூராட்சி அது. அங்கிருந்து சாலை காவலூர் வழியாக மலையேறி ஜமுனாமரத்தூரை நோக்கிப் போகிறது. மானாவாரி மல்லாட்டை விதைக்கிறவர்களுக்கும் மலையில் சாமை போடுகிறவர்களுக்கும் இந்த மாலை மழைதான் முதல். பழைய வட ஆற்காட்டின் உள்பகுதிகள் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதியைத் தென்மேற்குப் பருவ மாதங்களில் பெறுகின்றன. அதில் பெரும்பங்கு இப்படி இடியோடு வருவது.

அந்த முகில் அங்கேயே பெய்து தீர்ந்துவிடுவதும் உண்டு. சில நாட்களில் அது நகரத் தொடங்குகிறது. நேர்க்கோட்டில் ஏறத்தாழ 170 கி.மீ. கிழக்கே சென்னை இருக்கிறது. மாலை நான்கு, ஐந்து மணிக்கு ஜவ்வாது மலையிலும் அதைச் சூழ்ந்த வேலூர், திருவண்ணாமலைப் பகுதிகளிலும் உருவாகும் இடிமுகில் கூட்டம், காற்று வாய்த்தால், இரவு எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் நகரத்தின் மேற்கு விளிம்பைத் தொடும். பூந்தமல்லியிலும் ஆவடியிலும் முதலில் காற்று வீசும்; பிறகு போரூர், வளசரவாக்கம், கோயம்பேடு. அலுவலகம் விட்டு நகரம் வீடு திரும்பிக்கொண்டிருக்கும் நேரம் அது. மலையில் பிறக்கும் இந்த மழையும் நகரத்தில் வீடு திரும்பும் மனிதரும் ஏன் ஒரே நேரத்தில் சந்திக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் மலை. ஒரே உயரத்தில் இருக்கும் திறந்தவெளிக் காற்றைவிட, வெயில்படும் மலைச்சரிவை ஒட்டிய காற்று அதிகமாகச் சூடாகிறது. சூடான காற்று சரிவைப் பற்றிக்கொண்டு மேலேறுகிறது. மேலேறும்போது குளிர்ந்து, அதிலிருக்கும் ஈரம் துளிகளாகிறது. ஆவி துளியாகும்போது வெளிப்படும் வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளுகிறது. வானிலை அறிக்கைகளில் ‘வெப்பச்சலனம்’ என்று ஒரு சொல்லில் கடந்துபோகும் நிகழ்ச்சி இதுதான். ஆனால் மலை தனியாக இதைச் செய்வதில்லை. நண்பகலை ஒட்டி வங்கக் கடலிலிருந்து கிளம்பும் கடற்காற்று, ஈரத்தைச் சுமந்துகொண்டு உள்நாட்டுக்குள் நடக்கிறது. மேற்கிலிருந்து வறண்ட பருவக்காற்று வருகிறது. இரண்டும் முட்டும் இடத்தில் காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. கடலுக்கும் மேற்குத் தொடர்ச்சிக்கும் இடைப்பட்ட இந்தக் கிழக்கு மலைகளை ஒட்டி, பிற்பகலில் அப்படிப்பட்ட முட்டல் அடிக்கடி நிகழ்கிறது.

வெப்பமண்டலத்தில் தரையிலிருந்து ஏறத்தாழ 5 கி.மீ. உயரத்தில் நீர் உறையும் நிலை தொடங்குகிறது. நன்கு வளர்ந்த இடிமுகில் அதையும் தாண்டி 15 கி.மீ. வரைகூடப் போகும். அந்த மேல்பகுதியில் சிறு பனிப்படிகங்களும் அவற்றைவிடக் கனமான பனிமணிகளும் ஒன்றோடொன்று மோதுகின்றன. மோதும்போது கனமானவை எதிர்மின்னூட்டம் பெற்று முகிலின் நடுப்பகுதியில் தங்க, இலேசான படிகங்கள் நேர்மின்னூட்டத்தோடு உச்சிக்குப் போகின்றன. இந்தப் பிரிவு தாங்க முடியாத அளவுக்கு வளரும்போது மின்னல் வெட்டுகிறது. அதன் பாதையில் இருக்கும் காற்று நொடிக்கும் குறைந்த நேரத்தில் ஏறத்தாழ 30,000 டிகிரி செல்சியசுக்குச் சூடாகி வெடித்து விரிகிறது. அந்த வெடிப்பே இடி. ஆலங்கட்டி விழும் மழையில் மின்னல் கடுமையாக இருப்பதற்கும் காரணம் இந்தப் பனிதான்.

முகில் எப்படி நகர்கிறது என்பது இதைவிடச் சுவையான செய்தி. வளிமண்டலத்தின் நடுப்பகுதியில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று அதைத் தள்ளுகிறது என்பது பாதி விடை. மீதிப் பாதி மழைக்குள்ளேயே இருக்கிறது. மழைத்துளிகளில் ஒரு பகுதி கீழே வரும் வழியில் ஆவியாகிறது. அதனால் குளிர்ந்து கனத்த காற்று தரையில் வந்து விழுந்து நாலாபுறமும் பரவுகிறது. மழைக்கு முன்னால் வீசும் அந்தச் சில்லென்ற காற்று எல்லாரும் அறிந்ததே. புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடும் அந்தக் குளிர்காற்று, தனக்கு முன்னால் இருக்கும் சூடான ஈரக்காற்றை நெம்பி மேலே தூக்குகிறது. அங்கே அடுத்த முகில் பிறக்கிறது. ஜவ்வாது மலையில் தோன்றிய முகிலே சென்னைக்கு வந்து சேர்வதில்லை. ஆரணியில் ஒன்று, ஆற்காட்டில் ஒன்று, காஞ்சிபுரத்தில் ஒன்று என வழிநெடுகப் பிறந்தும் இறந்தும் வரும் முகில்களின் கடைசித் தலைமுறையே நகரத்தில் பெய்கிறது. இடையில் ஒரு தலைமுறை பிறக்கத் தவறினால் மழை அரக்கோணத்தோடு நின்றுபோகும். குடையோடு கிளம்பிய சென்னை நனையாமல் வீடு போகும். முன்னறிவிப்பு பொய்த்துவிட்டதாக அன்று பலரும் சொல்வார்கள். ஆனால் பொய்த்தது கணிப்பு அல்ல, முகிலின் சங்கிலி.

அந்தச் சங்கிலியைக் கண்காணிக்கக் கருவிகள் இருக்கின்றன. சென்னைத் துறைமுகத்தில் 2002 முதல் இந்திய வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் இயங்குகிறது. இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் முகிலின் உச்சி வெப்பநிலையை அளந்து அனுப்புகின்றன. ஆனால் ரேடாரின் கதிர் நேராகப் போக, பூமி வளைந்து கீழிறங்கிக்கொண்டே போகிறது. அரை டிகிரிச் சாய்வில் அனுப்பும் கதிர் ஆலங்காயத்துக்கு மேலே போகும்போது தரையிலிருந்து ஏறத்தாழ 3 கி.மீ. உயரத்தில் இருக்கும். மலையடிவாரத்தில் முகில் பிறக்கும் முதல் அரைமணி நேரத்தைச் சென்னையின் கண் முழுமையாகப் பார்க்க முடியாது. அந்த அரைமணி நேரத்தில் முகிலைப் பார்த்திருப்பவர் மலையடிவாரத்தில் ஆடு ஓட்டிக்கொண்டிருப்பவர்தான். நகரத்துக்கு மூன்று நான்கு மணிநேர எச்சரிக்கை கிடைக்கிறது. மலைக்கோ எச்சரிக்கையும் மின்னலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வருகின்றன. வானிலைச் சேவை பற்றிப் பேசும்போது இந்த ஏற்றத்தாழ்வு அதிகம் பேசப்படுவதில்லை, பேசப்பட வேண்டும்.

இந்த மலைக்கும் அந்த நகரத்துக்கும் வானத்தைப் பார்க்கும் தொழிலில் பழைய உறவு உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வகம் ஒன்றைக் கட்டியது. அதன் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழும் தெலுங்கும் உட்படப் பல மொழிக் கல்வெட்டுகளோடு, இப்போது மண்டல வானிலை மையமாக இருக்கும் வளாகத்தில் நிற்கிறது. விண்மீன் ஆய்வு 1899-இல் அங்கிருந்து கோடைக்கானலுக்குப் போனது. பிறகு, தெளிந்த வானம் தேடிய வானியலாளர் வைணு பாப்பு 1960-களின் பிற்பாதியில் ஆலங்காயத்துக்கு மேலே காவலூரைத் தேர்ந்தார். ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில், காட்டுக்கு நடுவில், நகர வெளிச்சம் எட்டாத இடம். 1968-இல் 38 செ.மீ. தொலைநோக்கியோடு பணி தொடங்கியது. 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்து, ஆய்வகத்துக்கு வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். யுரேனசின் வளையங்களை 1977-இல் கண்டறிந்த ஆய்வகங்களில் காவலூரும் ஒன்று. வடகிழக்கு, தென்மேற்கு என இரு பருவமழையும் தொடும் இடமாதலால், அங்கே நல்ல இரவுகள் பெரும்பாலும் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான். மற்ற மாதங்களில் முகில் சூழும்போது கூண்டு மூடப்படும். சென்னையிலிருந்து விண்மீன் பார்க்கும் கலை இந்த மலைக்கு வந்தது. இந்த மலையிலிருந்து இடி சென்னைக்குப் போகிறது.

இடி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடும் வழிக்கும் அந்த நுங்கம்பாக்கம் ஆய்வகத்தோடு தொடர்பு இருக்கிறது. அதன் வானியலாளர் ஜான் கோல்டிங்காம் 1820-21-இல் ஒலியின் வேகத்தை அளந்தார். புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் வழக்கமாகச் சுடும் பீரங்கியின் ஒளி தெரிந்த கணத்துக்கும் ஓசை வந்து சேர்ந்த கணத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை ஆய்வகத்தில் குறித்தார்கள். மாதத்துக்கு மாதம் அந்த வேகம் மாறுவதையும் கண்டார். முடிவுகள் 1823-இல் லண்டனில் வெளியாயின. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கி, இடி கேட்கும்வரை வரும் நொடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டரில் தூரம் கிடைக்கும் என்பது அதே முறைதான். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கி.மீ.-க்குள் இருக்கிறது. மழைத்துளி விழாத இடத்திலும் அடுத்த மின்னல் விழலாம். ஏறத்தாழ இடியோசை கேட்கும் தூரம்தான் மின்னல் எட்டும் தூரமும். இந்தக் கணக்கை ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையும் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். இடி இடிக்கும்போது ‘அர்ச்சுனா, அர்ச்சுனா’ என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்ளும் குழந்தைக்கு, அந்த இடைவெளியில் ஒன்று, இரண்டு என்று எண்ணவும் சொல்லிக்கொடுக்கலாம். அச்சத்துக்கு அது துணையாகும், உயிருக்கும்.

இனி வீடு திரும்புதல். தமிழ் இலக்கியம் இந்த நேரத்தை வேறெந்த நேரத்தையும்விடக் கூர்ந்து பார்த்திருக்கிறது. தொல்காப்பியம் முல்லைத் திணைக்குக் கார்காலத்தையும் மாலைப்பொழுதையும் வகுத்து, இருத்தலை அதன் உரிப்பொருளாக்கியது. வினைமேற் சென்ற தலைவன் கார் தொடங்குமுன் வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறான். கார் வந்துவிட்டது, அவன் வரவில்லை. இங்கே அவள் இடியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அங்கே அவன் பாகனை விரைவுபடுத்துகிறான். நூற்றுக்கணக்கான பாடல்களின் அடிப்படை இந்த இரு முனைகள்தான். குறிஞ்சியில் இது இன்னும் கடுமை. கூதிர்காலத்து நள்ளிரவில் மின்னல் வெளிச்சத்தில் மலைவழியே வரும் தலைவனை எண்ணி, அவன் வராவிட்டாலும் சரி, அந்த வழியில் வர வேண்டாம் என்று தோழி தடுக்கிறாள். வழியின் கொடுமையைச் சொல்லி மணத்தை விரைவுபடுத்துவது அகத்திணையில் ஒரு துறையாகவே நிலைத்துவிட்டது. ஜவ்வாது மலையின் தென்புறத்துச் செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடிய மலைபடுகடாம், கூத்தருக்கு அந்த மலைநாட்டின் வழியைச் சொல்லும் நூல். எங்கே வழுக்கும், எங்கே யானை வரும், எங்கே தங்கலாம் என்று சொல்லிக்கொண்டே போகிறது.

அந்த மரபில் காத்திருப்பதற்கு ஒரு மதிப்பு இருந்தது. முல்லையின் பெருமையே இருத்தல். குறிஞ்சித் தோழியின் அன்பே வராதே என்று சொல்வதில் இருக்கிறது. நகரத்து மாலையில் இந்த மதிப்பு காணாமல் போயிருக்கிறது. மழை நிற்கட்டும் என்று ஒருவர் நிற்பது சோம்பலாகவோ பொறுப்பின்மையாகவோ பார்க்கப்படுகிறது. குழந்தை காப்பகம் ஏழு மணிக்கு மூடுகிறது, கடைசி மின்தொடர் வண்டி போய்விடும், வாடகை வண்டியின் கட்டணம் மழையில் ஏறிவிடும், வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார். கிளம்புவதற்கான காரணங்கள் ஒவ்வொன்றும் நியாயமானவை. அதனால்தான் இடிமழையில் நேரும் பெரும்பாலான நகரத் துயரங்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் நேர்வதில்லை. இரண்டுக்கும் இடையில் நேர்கின்றன.

சென்னை இதை 2021 டிசம்பர் 30 அன்று பார்த்தது. அந்த வியாழக்கிழமை வந்தது மலையிலிருந்து அல்ல, கடலிலிருந்து வந்த மழை. பருவம் முடிகிற நேரம், மிதமான மழையே எதிர்பார்க்கப்பட்டது. பிற்பகலில் தொடங்கிய மழை நிற்கவில்லை. நகரின் சில இடங்களில் சில மணி நேரத்தில் 15 செ.மீ.-க்கு மேல் கொட்டியது. சிவப்பு எச்சரிக்கை வந்தபோது மக்கள் ஏற்கெனவே சாலையில் இருந்தார்கள். சுரங்கப்பாதைகள் மூடப்பட்டன. அண்ணா சாலையிலும் தியாகராய நகரிலும் வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன. அன்றிரவு மின்சாரம் பாய்ந்து மூவர் இறந்தனர். மெட்ரோ ரயில் தன் சேவையை ஒரு மணிநேரம் நீட்டித்து நள்ளிரவு வரை ஓட்டியது. அந்த ஒரு மணிநேரம் அன்று நகரத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய உதவிகளில் ஒன்று. வண்டியைப் போட்டுவிட்டு மெட்ரோ நிலையத்துக்கு நடந்து போனவர்கள் வீடு சேர்ந்தார்கள்.

2023 ஜூன் 18 இரவிலிருந்து மறுநாள் காலை வரை பெய்த இடிமழை வேறு வகை. தென்மேற்குப் பருவத்தின் தொடக்கத்தில், மீனம்பாக்கத்தில் 15 செ.மீ.-க்கும் மேல் மழை. 1996-க்குப் பிறகு சென்னை ஜூனில் அப்படியொரு நாளைக் கண்டதில்லை. சென்னையில் இறங்க வேண்டிய பல விமானங்கள் பெங்களூருக்குத் திருப்பப்பட்டன. மறுநாள் பள்ளி விடுமுறை சென்னையோடு நிற்கவில்லை. ராணிப்பேட்டை, வேலூர் மாவட்டங்களுக்கும் அறிவிக்கப்பட்டது. மலையடிவாரம் முதல் கடற்கரை வரை ஒரே மழைப்பட்டையில் இருந்ததற்கு அந்த விடுமுறைப் பட்டியலே சான்று. ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை இரவு. வேலை நாளின் மாலையில் வந்திருந்தால் கதை வேறாகியிருக்கும்.

சென்னை கடல் மட்டத்திலிருந்து சராசரியாக ஏழு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கும் சமவெளி. அங்கே ரயில் தண்டவாளத்தைக் கடக்கத் தரையைத் தோண்டிப் போட்ட சுரங்கப்பாதைகள்தான் முதலில் நிரம்புகின்றன: தியாகராய நகரின் துரைசாமி சுரங்கப்பாதை, மேட்லி சுரங்கப்பாதை, சைதாப்பேட்டையின் அரங்கநாதன் சுரங்கப்பாதை, வியாசர்பாடியின் கணேசபுரம் சுரங்கப்பாதை. ஒவ்வொரு பெருமழையிலும் இந்தப் பெயர்களைச் செய்தியில் கேட்கலாம். அவை மூடப்பட்டால் நகரம் தண்டவாளத்தின் இருபுறமுமாகப் பிரிந்துபோகிறது. நீரின் ஆழத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது என்பது இங்கே முதன்மையான செய்தி. 15 செ.மீ. வேகமாக ஓடும் நீர் ஒருவரின் காலை இழுக்கப் போதும், 30 செ.மீ. நீர் சிறிய காரை மிதக்கச் செய்யலாம். பெங்களூரில் 2023 மே 21 அன்று பிற்பகல், ஆலங்கட்டியோடு கொட்டிய கோடை மழையில், கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கிய நீருக்குள் சென்ற காரில் ஓர் இளம்பெண் உயிரிழந்தார். மழை பெய்தது ஒரு மணிநேர அளவுக்கே. வாணியம்பாடி, ஜோலார்பேட்டை பகுதிகளிலிருந்து வேலைக்காகப் பெங்களூர் போய்வருகிறவர்கள் ஏராளம். அந்தச் செய்தி இங்கே பல வீடுகளில் தொலைதூரச் செய்தியாக இருந்திருக்காது.

நிற்கும் இடம் எது என்பது இன்னொரு கேள்வி. மும்பையின் காட்கோபரில் 2024 மே 13 மாலை புழுதிக்காற்றும் மழையுமாக வந்தபோது, ஒரு பெட்ரோல் நிலையத்தில் இருந்தவர்கள்மீது ராட்சத விளம்பரப் பலகை சரிந்தது. 17 பேர் இறந்தனர். மழைக்கு ஒதுங்கியவர்களும் அங்கே இருந்தார்கள். ஒதுங்கியது தவறில்லை, ஒதுங்கும் இடத்துக்கு மேலே அப்படியொன்றை நிற்கவிட்டதே தவறு. சென்னையில் இருசக்கர வண்டிக்காரர்கள் இடிமழையில் மேம்பாலத்துக்குக் கீழே ஒதுங்குகிறார்கள். மின்னலிலிருந்து ஓரளவு அது காக்கும். ஆனால் பின்னால் வரும் வண்டிக்குச் சாலை மறைந்திருக்கும். மரத்தடி கூடவே கூடாது. தெருவோர மின்பகிர்வுப் பெட்டிக்குப் பக்கத்தில் தேங்கிய நீரில் கால் வைக்கக் கூடாது. மூடிய கார், பேருந்து, ரயில் பெட்டி ஆகியவற்றின் உலோக உடல் மின்னலை வெளிப்புறமாகவே தரைக்குக் கொண்டுபோய்விடும். உள்ளே இருப்பவர் உலோகத்தைத் தொடாமல் இருந்தால் போதும். இருசக்கர வண்டிக்கும் ஆட்டோவுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. நகரத்தில் ஏராளமானோர் வீடு திரும்புவது அந்த இரண்டில்தான் என்பது, யாருக்காகத் திட்டமிடுகிறோம் என்ற கேள்வியை எழுப்ப வேண்டும்.

ஆலங்காயத்தைச் சேர்ந்தவரின் பயணம் இன்னும் நீளம். சென்னை சென்ட்ரலிலிருந்து மாலையில் கிளம்பும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் அரக்கோணம், காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி வழியாக ஜோலார்பேட்டைக்குப் போகிறது. மொத்தம் 210 கி.மீ.-க்குச் சற்று மேல். வண்டி மேற்கே போக, முகில் கிழக்கே வருகிறது. அரக்கோணத்துக்கும் காட்பாடிக்கும் இடையில் எங்கோ இரண்டும் ஒன்றையொன்று கடக்கும் நாட்கள் உண்டு. சன்னல்களை இறக்கிவிட்டு, விளக்கு வெளிச்சத்தில், வெளியே வெட்டும் மின்னலைப் பார்த்துக்கொண்டு போகிறவர் அந்தப் பெட்டிக்குள் பத்திரமாகவே இருக்கிறார். ஆபத்து இறங்கிய பிறகு. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயத்துக்கும், அங்கிருந்து சிற்றூருக்கும் மீதமிருக்கும் அந்தக் கடைசி இருபது முப்பது கிலோமீட்டரில் புளியமரங்கள், வளைவுகள், இருட்டு.

நகரத்துக்குப் போகாதவர்களுக்கும் இதே நேரம்தான். வாணியம்பாடி, ஆம்பூர் வட்டாரத்துக் காலணித் தொழிற்சாலைகளில் பெரும்பான்மைத் தொழிலாளர்கள் பெண்கள். சுற்றுக் கிராமங்களிலிருந்து கம்பெனிப் பேருந்துகளில் வந்து போகிறவர்கள். வேலை விடுவது ஜவ்வாது மலையின் முகில் முற்றும் மாலைவேளை. பேருந்துக்குள் இருக்கும்வரை கவலை இல்லை. நிறுத்தத்தில் இறங்கி, நிலங்களுக்கு நடுவே வரப்பிலும் மண்பாதையிலும் நடக்கும் கடைசித் துண்டில்தான் அவர்கள் மின்னலுக்கு நேரே நிற்கிறார்கள். சமவெளியில் நடந்துபோகும் மனிதரே அங்கே உயரமான பொருள். இந்தியாவில் ஆண்டுதோறும் 2,500-க்கும் மேற்பட்டோர் மின்னலால் இறக்கிறார்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. வெள்ளமும் புயலும் பெறும் கவனத்தில் சிறு பங்கும் இந்தச் சாவுகளுக்குக் கிடைப்பதில்லை, காரணம் அவை ஒவ்வொன்றாக நேர்கின்றன. நடவு வயல், ஆடு மேய்க்கும் கரடு, மரத்தடி. இறந்தவர்களில் பெரும்பாலோர் வெட்டவெளியில் வேலையில் இருந்தவர்கள், அல்லது அங்கிருந்து வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தவர்கள்.

வெட்டவெளியில் மாட்டிக்கொண்டவர் செய்யக்கூடியது குறைவு. ஆனாலும் சில உண்டு. தனிமரத்தையும் மின்கம்பத்தையும் கம்பிவேலியையும் விட்டு விலக வேண்டும். ஏரி, கிணறு, ஓடையிலிருந்து வெளியே வர வேண்டும். பலர் சேர்ந்திருந்தால் தள்ளித் தள்ளி நிற்க வேண்டும். மின்னல் தரையில் பாய்ந்து பரவுவதால், கூட்டமாக நிற்கும் ஆடுகள் ஒன்றாகச் செத்துக் கிடப்பதை மலையடிவாரம் அறியும். படுக்கக் கூடாது. கால்களைச் சேர்த்துவைத்துக் குந்துவது கடைசி வழி. அதுவும் காப்பு அல்ல, ஆபத்தைக் கொஞ்சம் குறைப்பது மட்டுமே. ஓட்டு வீடானாலும் கான்கிரீட் வீடானாலும் சுவர் சூழ்ந்த கட்டடமே உண்மையான புகலிடம். கடைசி இடியோசைக்குப் பிறகு அரைமணி நேரம் வெளியே வராமலிருப்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட விதி. மழை விட்டதும் கிளம்புவதே நம் வழக்கம். மழை விட்ட பிறகும் முகிலின் பின்பகுதி மின்னலை வைத்திருக்கும். பலர் அந்த இடைவெளியில்தான் அடிபடுகிறார்கள். மின்னல் தாக்கியவரின் உடலில் மின்சாரம் தங்கியிருக்காது. தயங்காமல் தொடலாம். மூச்சும் நாடியும் நின்றிருந்தால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கி, 108-ஐ அழைக்க வேண்டும். தொட்டால் நமக்கும் பாயும் என்ற அச்சத்தால் இழந்த உயிர்களை நினைத்தால் இந்தச் செய்தியை எத்தனை முறையும் சொல்லலாம்.

எச்சரிக்கை முன்பைவிட நன்றாக வருகிறது. வானிலைத் துறை அடுத்த மூன்று மணி நேரத்துக்கான இடிமழை அறிவிப்பை மாவட்ட வாரியாக நிறம் குறித்து வெளியிடுகிறது. புணேயின் வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் மின்னல் உணரும் நிலையங்களை நாடெங்கும் நிறுவி, அவற்றின் தரவைக் கொண்டு ‘தாமினி’ செயலியை நடத்துகிறது. இருக்கும் இடத்தைச் சுற்றி விழும் மின்னலை அது காட்டும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் குறுஞ்செய்தி தமிழிலும் வருகிறது. ரேடார் படத்தைப் பார்த்துத் தமிழில் எளிமையாகச் சொல்லும் ‘தமிழ்நாடு வெதர்மேன்’ பிரதீப் ஜான் போன்றவர்களால், மேற்கு மாவட்டங்களில் முகில் கிளம்பிவிட்டது என்ற செய்தி சென்னைக்காரருக்கு ஆறு மணிக்கே தெரிந்துவிடுகிறது. தெரிந்தும் அவர் ஏழு மணிக்குக் கிளம்புகிறார். அவருக்கு அறிவு குறைவு என்று இதைச் சொல்ல முடியாது. அலுவலகம் அரைமணி முன்னதாக விடவில்லை. இரண்டு மணிநேரம் உள்ளே இருக்கச் சொல்லவும் இல்லை.

பள்ளிக்கு விடுமுறை அறிவிக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியருக்கு இருக்கிறது. அதைப் பயன்படுத்தவும் செய்கிறார்கள். தொழிற்சாலை மாலை விடும் நேரத்தைத் தள்ளிவைக்கும் வழக்கமோ, இடி ஓயும்வரை பேருந்தை வாசலிலேயே நிறுத்தி வைக்கும் வழக்கமோ இன்னும் வேர்கொள்ளவில்லை. பணம் அதிகம் தேவைப்படாத ஏற்பாடு இது. கம்பெனிப் பேருந்து கடைசி நிறுத்தத்தில் பெண்களை இறக்கிவிட்டுத் திரும்பாமல், இடி நிற்கும்வரை கதவைச் சாத்தி அவர்களை உள்ளேயே வைத்திருந்தால் போதும். கிராமத்துப் பள்ளிக் கட்டடத்தின் சாவி மாலையில் யாரிடமாவது இருந்தால் போதும். நிழற்குடைகளில் பல மூன்று பக்கம் திறந்தவை, வெயிலுக்குக் கட்டியவை. மலைச்சாலை நிறுத்தங்களில் சுவரும் இடிதாங்கியும் உள்ள ஓர் அறை, சாலை போடும் செலவில் மிகச் சிறிய பகுதி.

மழை நின்ற பிறகும் பயணம் முடிவதில்லை. ஆலங்காயத்திலிருந்து காவலூருக்குப் போகும் காட்டுச்சாலையில் கிளை முறிந்து கிடக்கும். கம்பி அறுந்து நீரில் கிடக்கலாம். இருட்டில் கம்பி தெரியாது. அறுந்த கம்பியைக் கண்டவர் கிட்டே போகாமல், மற்றவரையும் தடுத்து நிறுத்தி, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்ல வேண்டும். இந்தச் சேவை 2021 முதல் மாநிலம் முழுவதற்கும் நாள் முழுவதும் இயங்குகிறது. மரம் விழுந்து வழி அடைபட்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077; சென்னையில் மாநகராட்சியின் எண் 1913. மின்வாரியப் பணியாளர்கள் அந்தப் பகுதியின் இணைப்பைத் துண்டித்து, கம்பியை எடுத்து, மரத்தை அறுத்து ஒதுக்கிய பிறகே வழி திறக்கிறது. அவர்கள் அந்த வேலைக்கு வருவதும் இடி முழுதாக ஓய்ந்த பிறகுதான், அதே இருட்டில், அதே சாலையில். அவர்கள் வந்து சேரும்வரை அடிவாரத்து ஊர்களில் நிற்கும் வண்டிகள் நிற்க வேண்டியதுதான். மலைமேல் இருக்கும் வீடுகளுக்குச் செல்பேசியில் அதைச் சொல்லிவிட்டு, பயணிகள் ஆலங்காயத்திலேயே உறவினர் வீட்டில் இரவு தங்கி, காலை முதல் பேருந்தில் ஏறுகிறார்கள்.